இடப்பக்கம் ஒருவன் நிற்கிறான்

ஜூன் 7, ஞாயிறு

காலை முழுவதும் மழை. கடல் கறுத்துப்போய், இரைச்சல் படுக்கையறை வரைக்கும். துணி காயவில்லை. வெள்ளவத்தையில் இந்த மாதம் எதுவும் காயாது.

பின்னேரக் காட்சிக்குக் கொட்டாஞ்சேனை போனேன். தம்பி ரூபன், அவன் மனைவி ஸ்டெல்லா, நான். இந்தியாவிலிருந்து வந்த பெரிய படம். கதை: நாயகன் ஊரை விட்டு வந்து அமைதியாக வாழ்கிறார். அமைதியாக வாழ விடுகிறார்களில்லை. மிச்சப் படம் முழுக்க மற்றவர்கள் அமைதியாகிறார்கள்.

சில குறிப்புகள்:
- நாயகனுக்கு என் வயது. நாயகிக்கு அதில் பாதி. அவருக்கு அம்மாவாக வந்தவர் அவரைவிட இளமை.
- வில்லன் புத்தகம் வாசிக்கிறான். நம் படங்களில் புத்தகம் வாசிப்பவன் கடைசிவரை உயிரோடு இருந்ததில்லை.
- பாட்டுக்குப் பனிமலை. எப்படிப் போனார்கள், விசா யார் எடுத்தது, தகவல் இல்லை.
- இடைவேளையில் இஸ்ஸோ வடை. மேலே இறால் இருந்தது. படத்தைவிட நேர்மை.

ஸ்டெல்லாவின் நேரடி வர்ணனை இந்த முறையும் உண்டு. அந்தோனியார் கோயில் பூசையில் வாசகம் வாசிக்கிறவள். குரலைத் தாழ்த்தினாலும் பின் வரிசைக்குக் கேட்கும். "இடப்பக்கத்தால ஒராள் வாறான். கையில கத்தி. நிக்கிறான்... இப்ப வாறான்." பின்னால் ஒரு சின்னப் பெண்: "அம்மா, அந்த அன்ரிதான் கத எழுதினவங்களா?" தாய்: "வாய மூடிட்டுப் படத்தப் பாரு."

ரூபன் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். மனைவி சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்கும் கணவனை நான் திரையில்கூடக் கண்டதில்லை. 

அவர்கள் இப்போது வேலையிலும் ஒன்றுதான். ரூபனுடையது பள்ளிக்கூட வேன். மட்டக்குளிப் பிள்ளைகள், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். சித்திரைக்குப் பிறகு ஸ்டெல்லா தையலை விட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். பிள்ளைகள் குழப்படியாம்.

ஜூன் 10, புதன்

வெயில் தலைகாட்டிவிட்டுப் போனது. அச்சகத்தில் நினைவு மலர் ஒன்றுக்குப் புரூஃப் பார்த்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்பது 'தண்ணீர் அஞ்சலி' ஆகியிருந்தது. பிடித்துவிட்டேன். காலமானவர் நீர் வழங்கும் கந்தோரில் வேலை பார்த்தவர். விட்டிருந்தாலும் குடும்பம் குறை சொல்லியிருக்காது.

முதலாளி: "மிஸ், உங்கட கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும்." பாராட்டா புகாரா தெரியவில்லை.

வாங்க: சவர்க்காரம், நுளம்புத் திரி, பல்ப்.

ஜூன் 14, ஞாயிறு

நேற்று அந்தோனியார் திருநாள். ஸ்டெல்லா நாள் முழுக்க சனத்துக்குள் நின்று கால் வீங்கிப்போனாள். ஆகவே இன்று ரூபனும் நானும் மட்டும்.

பேய்ப் படம். எந்த நாட்டுப் பேய் என்று கடைசிவரை பிடிபடவில்லை. கீழே ஆங்கில எழுத்து. நல்ல படம், சொல்லத்தான் வேண்டும். இந்தப் பேய் பாடவில்லை, பழிவாங்கும் காரணத்தை விளக்கவில்லை. முதல் பாதியில் கேத்தில், கதவு, ஈரமான பாதணி. அவ்வளவுதான். அதற்கே நான் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பிறகு அந்தக் காட்சி. தாய் திரையின் நடுவில் இருந்து பழம் உரிக்கிறாள். இசை இல்லை. இடப்பக்க ஓரத்தில், அலுமாரிக்குப் பக்கத்தில் ஒருவன் நிற்கிறான். வரவில்லை, முதலிலிருந்தே நிற்கிறான். தியேட்டரில் ஒவ்வொருவராகக் கண்டுகொண்டார்கள். முன்னால் ஒரு பெண் "ஐயோ" என்றாள், பிறகு அந்தப் பக்கம், பிறகு எல்லோரும். நானும் கத்தினேன்; வெட்கமில்லை.

ரூபன் கடலையை வாயில் போட்டான்.

"ஏன் கத்துறாங்கள்?"

"இடப்பக்கம் பார். அலுமாரியடியில."

அவன் பார்த்தான். கண்ணால் அல்ல. பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்க்கத் திரும்புவதுபோல் முழுத் தலையையும் திருப்பினான். கொஞ்சம் தேடினான். "ஓ," என்றான். அதற்குள் காட்சி மாறிவிட்டது.

"எனக்கு வெள்ளெழுத்து அக்கா. வயசு வந்திட்டுது."

வெளியே வரும்போது இடப்பக்கம் நின்ற ஒரு மனிதரின் மேல் நேராகப் போய் மோதினான். அவர் கையிலிருந்த தேத்தண்ணி அவர் சட்டையிலேயே. "எஸ் பேன்னெ நெத்த?" கண் தெரியவில்லையா என்று சிங்களத்தில் கத்தினார். "சொரி அய்யே, சொரி," என்று ரூபன் சிரித்தான். பழகிய சிரிப்பு.

வெள்ளெழுத்து என்பது கிட்ட இருப்பது தெரியாமல் போவது. எனக்கும் இருக்கிறது, அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அலுமாரியடியில் நின்றவன் திரையில் பஸ் உயரம்.

ஜூன் 17, புதன்

மழை. நினைவு மலரின் புரூஃபை அந்தக் குடும்பத்திடம் காட்டக் கொட்டாஞ்சேனை போனேன். திரும்பும்போது ரூபனின் வேன். "ஏறுங்கோ அக்கா, பிள்ளையள இறக்கிட்டு உங்கள பஸ் ஸ்டாண்டில விடுறன்." பின்னால் பிள்ளைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. ஈரச் சப்பாத்து மணம், மீன் பணிஸ் மணம்.

ஸ்டெல்லா முன்னால், இடப்பக்கச் சீட்டில். புறப்பட்டதும் தொடங்கினாள். 

"இடப்பக்கத்தால த்ரீவீல் வருது. நிக்குது. ஒரு அம்மா, கையில குடை. இறங்குறாங்க... பேவ்மென்ட்ல ஏறிட்டாங்க. இப்ப போங்க."

அதே குரல். அதே தாழ்வு, அதே நிதானம். தியேட்டரில் கேட்டதேதான். 

அதைவிட மோசம் பின்னால். ஸ்டெல்லா "இப்ப" என்றதும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து: "போங்க அங்கிள்!" அவர்களுக்கு அது விளையாட்டு. என் பக்கத்தில் இருந்த சிறுமி விளக்கமும் தந்தாள்: "அன்ரி சொன்னாத்தான் போகணும். முந்திப் போனா அங்கிள் அவுட்."

கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போனது. பிறகு கேட்டேன். ரூபன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டெல்லாதான் சொன்னாள்.

"கண்ணுக்குள்ள பிரஷராம் அக்கா. ரெண்டு பக்கமும் போயிட்டு. நடு மட்டும் மிச்சமாம். போனது வராதாம். மருந்து விடுறது இருக்கிறதக் காப்பாத்தத்தான்."

"டொக்டர் வேன் ஓடலாம் எண்டவரோ?"

"ஓட்டுறதப் பத்தி நாங்க கேக்கல்ல."

"வலப்பக்கம்?"

"அது அவர் தலையத் திருப்பிப் பாப்பார்."

ரூபன் அப்போதுதான் வாய் திறந்தான். "இவ்வளவு காலத்தில ஒரு கீறல் இல்ல அக்கா. கேட்டுப் பாருங்கோ. வேற வேன்காரங்கள் போனில கதைச்சுக்கொண்டு ஓடுறாங்கள். நான் ஓடேக்க போனைத் தொடமாட்டன்."

உண்மை. மற்றவர்களைவிட ஒழுங்கானவன். பெற்றோருக்கு அவன்மேல்தான் நம்பிக்கை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இடப்பக்க யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு பேர் நிற்கிறார்கள்!

ஜூன் 20, சனி

வானம் மூடியே. வெள்ளவத்தையில் தனியாகப் பின்னேரக் காட்சி. நாயகன் பொலிஸ் அதிகாரி. வேலைக்கு வராமலே சம்பளம் எடுக்கிறார், ஆனால் நாட்டைக் காப்பாற்றுகிறார்.

ஒரு சோதனை செய்தேன். இரு கைகளையும் குழல் மாதிரிச் சுருட்டிக் கண்ணில் வைத்து நடுவை மட்டும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பொடியன் தன் கூட்டாளியிடம்: "மச்சான், அன்ரிக்கு பைனாகுலர் மறந்துபோச்சு போல."

படம் முழுதும் விளங்கியது! ஒன்றும் தவறவில்லை. நாயகன் எப்போதும் நடுவில். நடக்கிறார், நடு. அடிக்கிறார், நடு. அழுகிறார், நடு. ஓரத்தில் இருப்பவர்கள் அடி வாங்குவதற்காகவே நடுவுக்கு வருகிறார்கள். ரூபன் இத்தனை காலம் தன் கண் போவதைத் தானே கண்டுபிடிக்காததற்கு நம் சினிமாவும் ஒரு காரணம். ஓரத்துக்கு ஏதாவது வேலை கொடுத்த ஒரே படம், அந்தப் பேய்ப் படம்.

தெருவில் இறங்கியும் ஒரு நிமிடம் கைக்குழலோடு பார்த்தேன். எப்போதும் வாகனம் நெரியும் காலி வீதி காலியாக இருந்தது. கையை எடுத்தேன். ஒரு சைக்கிள் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது.

அவனிடம் சொல்ல வேண்டும். பெற்றோரிடம் சொல்ல வேண்டும். யாரிடம் முதலில்? 

சொல்லவில்லை. சோறு சமைத்தேன்.

ஜூன் 23, செவ்வாய்

ஸ்டெல்லாவுக்கு டெங்கு. நேற்றிரவு ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இன்று வேன் ஓடவில்லை. பின்னேரம் ரூபன் வீட்டுக்குப் போனேன். நுளம்பு மட்டும் வரவேற்றது. ரூபன் மேசையில் தலையைச் சாய்த்திருந்தான்.

"நாளைக்கு நீங்க வாங்கோ அக்கா. ஸ்டெல்லான்ர சீட்டில இருந்தாச் சரி."

"இருந்து?"

"படம் பாக்கிற மாதிரித்தான். கண்டதச் சொல்லுங்கோ."

"படத்தில நான் முடிவு வரைக்கும் வாயே திறக்கிறேல்ல. உனக்குத் தெரியும்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"வேன் நிறையப் பிள்ளையள் ரூபன்."

"தெரியும். எல்லாற்ற பேரும் தெரியும்."

"றோட்டால குறுக்க ஓடுற பிள்ளையின்ர பேரும் தெரியுமா?"

 தெருவில் பாண் விற்கும் த்ரீவீலின் பாட்டு வந்து, நின்று, போனது. பிறகு போனை என் பக்கம் தள்ளினான். "நீங்களே அடிங்கோ. எனக்குக் கை வராது."

பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் அடித்தேன்: 'வேன் இனி ஓடாது. தயவுசெய்து வேறு ஒழுங்கு செய்யவும்.' இரண்டு தரம் வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை. அனுப்பினேன்.

கைகூப்பும் படங்கள் வந்தன. அழும் முகங்கள். பிறகு ஒரு தாயின் குரல்: "அண்ணே, என்ன இப்பிடித் திடீர்னு? நான் பேலியகொடை மீன் மார்க்கட்ல விடியமுந்தி நிக்கணுமே. புள்ளய யார்ட்ட குடுக்க? உங்கள நம்பித்தானே இருந்தன்."

ரூபன் அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டான். "நல்ல மனிசி," என்றான். அவ்வளவுதான். சண்டை பிடிப்பான் என்று நினைத்து வந்தவள் நான். தேத்தண்ணி போட்டுத் தந்தான். கோப்பையை மேசையின் நடுவில் வைத்தான். 

நிம்மதியாக பஸ் ஏறினேன். இதுவே படமாக இருந்தால் இந்த இடத்தில் மணிக்கூட்டைப் பார்த்திருப்பேன்: எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள், படம் இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கிறது.

ஜூன் 25, வியாழன்

பின்னேரத்திலிருந்து அடை மழை. கரண்ட் போய் வந்தது. அச்சகத்தில் நேரத்தோடு விட்டார்கள். பருப்பு, கத்தரிக்காய். சோறு வடித்துக்கொண்டு நிற்கும்போது ஸ்டெல்லாவின் கோல். குரல் தேறியிருந்தது.

"அக்கா, பிளேட்லெட் கூடிட்டாம். நாளைக்கோ மறுநாளோ துண்டு வெட்டி வீட்ட விட்டிருவாங்க."

"கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லு," என்றேன். நான் சைவம்; அவளுக்காகச் சொன்னது.

"சொல்லிட்டன், சொல்லிட்டன்." சிரித்தாள். "எங்க நிக்கிறீங்க இப்ப? மழை சத்தம் கேக்குது. ரோட்டில வெள்ளமா?"

"எந்த ரோட்டில?"

சிரிப்பு நின்றது. பிறகு, மெதுவாக: "அவர் சூப் கொண்டு வாறன் எண்டு வெளிக்கிட்டவர். மழைக்குள்ள பஸ்ஸில வராதீங்க, வேனும் எடுக்காதீங்க எண்டு சொன்னன். 'பயப்பிடாத, அக்காவோடதான் வேனில வாறன்' எண்டார். அக்கா... பக்கத்தில நீங்கதானே இருக்கிறீங்க?"

நான் பிள்ளைகளைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன். செய்தியும் பெற்றோருக்குத்தான் போனது; வேன் சாவி அவனிடமே இருந்தது. 

"போனை வை," என்றேன். அவனுக்கு எடுத்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். இருட்டிவிட்டது. யன்னலுக்கு வெளியே காலி வீதியின் வெளிச்சமெல்லாம் தண்ணீரில் கலங்கி, எது வாகனம் எது மனிதர் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்ப எடுத்தேன். மணி போகிறது. 

வேன் ஓடும்போது ரூபன் போனைத் தொடமாட்டான். அந்த விஷயத்தில் மிகவும் கவனமான சாரதி.