சங்கிலியில் ஒரு கண்ணி

ஜூலை 3, 1998. வெள்ளி இரவு. ஏரிக்கரை கேம்ப்கிரவுண்ட்.

நேற்று லிவர்மோர் வீட்டு வாசலில், கட்டில் வைத்த பயண ட்ரெய்லரைக் காரோடு மாட்டினேன். பாரம் முழுவதும் காரின் பின்சக்கரங்களில் விழாமல் முன்சக்கரங்களுக்கும் போக, இரண்டையும் இணைக்கும் ஹிட்ச்சின் சங்கிலிகளை இறுக்கினேன். பம்பர் உயரத்தை டேப் வைத்து அளந்தேன். சரியாக இருந்தது. ஆனால் அப்போது ட்ரெய்லர் காலி.

காலையில் என் மனைவி மலர் சாமான் ஏற்றினாள். அரிசி மூட்டை, கிரைண்டர், இட்லி மாவு வாளி, எல்லாம் ட்ரெய்லரின் பின்கோடிக் கட்டிலுக்கு அடியில். நான் மறுபடி அளக்கவில்லை.

ஆல்டமாண்ட் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரி கடந்து போனதும் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. காரையும் சேர்த்து ஆட்டியது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மெல்ல அடங்கியது. பின்சீட்டிலிருந்து மகள் நித்யா, "ஆர் வீ ஓகே, அப்பா?" என்றாள். "ஓகேம்மா" என்றேன்.

ஓரம் கட்டி, கனமானவற்றை முன்னால் நகர்த்தி, சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி இறுக்கினேன். அப்புறம் ட்ரெய்லர் கோடு போட்டதுபோல் வந்தது. மலர் மட்டும் கதவுக்கு மேலிருந்த பிடியை விடவே இல்லை.

பக்கத்து வீட்டு ஜெயா அக்கா குடும்பமும் இங்கே வந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் மலர் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நானும் நித்யாவும் ஜெயா அக்கா வேன்ல வந்துடறோம். நீங்க ட்ரெய்லரை ஓட்டிட்டு வாங்க."

சரி என்றேன்.

அவர்கள் இருவரும் இல்லாவிட்டால் காரில் எடை குறையும். கிளம்புவதற்கு முன் சங்கிலியை ஒரு கண்ணி தளர்த்த வேண்டும்.