ஞானஜோதி அக்கா பாக்கட்டும்

என்னங்க, சுஜி தாத்தா, நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்பல. பேனா எழுதல, அதான் போன்லயே அடிக்கிறேன். நான் ஊரப்பாக்கம் போயி ஞானஜோதி அக்காவைக் கூட்டிக்கிட்டு சாயங்காலம் கன்னியாகுமரி ரயில் ஏறப் போறேன். மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சு சாப்பிடுங்க.

நேத்து நீங்க சொன்னதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. "உன் பென்ஷன் அரியர்ஸ்ல டைனிங் டேபிள் வாங்கினா காலத்துக்கும் நிக்கும், ஊர் சுத்திட்டு வந்தா கையில என்னா நிக்கும்"னீங்க. கிறிஸ்துமஸ்க்குள்ள அக்காவுக்குப் பார்வை போயிடும்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும்தான பக்கத்துல இருந்தீங்க. தண்ணியில எழும்பி தண்ணியிலயே எறங்குற சூரியனை ஒரு தடவ பாக்கணும்னு சின்ன வயசுலருந்து சொல்லுவா. பாத்துட்டா, அப்புறம் கண்ணுக்குள்ள அது நிக்கும். டேபிளை அவ தடவித்தான் பாக்கணும்.

கோவத்துல போகலங்க.

சொல்ல மறந்துட்டேன், பிரஷர் மாத்திரை ராத்திரி ஒண்ணு.

இன்னொண்ணு. டிக்கெட் மூணா எடுத்தேன். உங்களோடது மாத்திரை டப்பாவுக்கு அடியில இருக்கு. ரயில் ஆறு மணிக்குத் தாம்பரம் வரும். வர மனசில்லன்னா குழம்பு ரெண்டு நாளைக்குத் தாங்கும்.