அண்ணன் பாஸில் பதினோரு வருஷம்

ஹாலிஃபாக்ஸ், கனடா
12.1.2025

அன்புள்ள ஞானதுரை அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே கப்பல் பட்டறையில் நான் வெல்டர் இல்லை, எடுபிடி. எவனோ கோணலாக வைக்கும் வெல்டைத் தேய்த்துக் கொடுக்கிறேன். வெல்டர் பரீட்சைக்கு அனுபவக் கடிதம் கேட்கிறார்கள். எண்ணூர் கம்பெனி ரிஜிஸ்டரில் எபினேசர் என்று ஒருவனே கிடையாது. உங்கள் கால் ஒடிந்தபோது, "வேலை பூடும்டா, என் கேட் பாஸை மாட்டிகினு போ" என்றீர்கள். ஒரு மாதம் என்று போனவன் பதினோரு வருஷம் ஞானதுரையாகவே வேலை செய்தேன்.

உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் வாங்கித் தருவீர்களா? ஜூனில் பரீட்சை. அதை விட்டால் விசா முடிந்து திரும்ப வேண்டியதுதான்.

தம்பி,
எபினேசர்

திருவொற்றியூர்
2.2.2025

தம்பி எபிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மகிமா பன்னிரண்டாவது பரீட்சைக்குப் படிக்கிறாள், சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

நீ போனபின் நானே அந்தப் பாஸை மாட்டிக்கொண்டு போனேன். பதினோரு வருஷத்து ஆள் என்றுதானே புது மேனேஜர் எனக்கு ஸ்டோர் வேலை கொடுத்தார்? இந்தக் காலை வைத்துக்கொண்டு வேறெங்கே போவேன்? கோபித்துக்கொள்ளாதே. இதை மட்டும் கேட்காதே.

ஞானதுரை

திருவொற்றியூர்
20.4.2025

எபி,

நீ பதில் போடவில்லை. போனிலும் "சாப்ட்டியாண்ணா" என்பதோடு சரி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன வாரம் பழைய பைப் லைனைப் பிரித்தார்கள். புது மேஸ்திரி ஒரு ஜாயின்ட்டில் குத்தியிருந்த என் பாஸ் நம்பரைப் பார்த்துவிட்டு, "இன்னா வெல்டுபா! பத்து வருஷமாயும் ஒரு சொட்டு கசியல. உன் கைதானா?" என்றார். ஆமாம் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். வெட்கமாக இருந்தது எபி.

மறுநாள் மேனேஜரிடம், பதினோரு வருஷமும் என் பாஸில் வேலை செய்தது எபினேசர் என்று சொன்னேன். கத்தித் தீர்த்தார். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கடிதம் தருகிறேன் என்றார். கொடுத்துவிட்டேன். கடிதம் இதோடு இருக்கிறது, உன் பெயரை மூன்று தடவை சரிபார்த்தேன். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே.

கிளம்பும்போது மேனேஜர், "அப்போ அந்த வெல்டருக்கு நீ யாருய்யா?" என்று கேட்டார்.

"அண்ணன் சார்" என்றேன்.

ஞானதுரை