கையுறைக்கேற்ற கோல்கீப்பர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எங்கள் கிளப்பின் நிர்வாகக் குழு சென்ற வாரம் கூடி, அளவு தவறி வந்த கோல்கீப்பர் கையுறைகளைத் திருப்பி அனுப்புவதில்லை என்று ஏகமனதாக முடிவெடுத்தது. கோல்கீப்பரை அதற்கு முந்தின நாள்தான் வேறு கிளப்புக்கு விற்றிருந்தார்கள். கையுறை என் ஒருவன் கைக்குத்தான் பொருந்தியது.

"உன் திறமை எனக்கு அப்பவே தெரியும்டா," என்றார் மேனேஜர்.

"சார், நான் கோல் போடுறவன்."

"இந்த சீசன்ல எத்தனை போட்டே?"

நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

"அப்போ தடுத்துப் பாரு. இதுலயும் தேறலேன்னா மூட்டையைக் கட்டு."

ஞாயிற்றுக்கிழமை ஆடினேன். ஒரு கோலும் விழவில்லை. பெனால்டியைக்கூட முகத்தால் தடுத்தேன். வீக்கம் வடிந்துவிட்டது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். கம்பங்களுக்கு நடுவே நின்றால் மைதானம் முழுவதும் தெரிகிறது, எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மாவை ஒரு தலையணை உறை தைத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கடையில் கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்பட்டும். பார்சலில் முகவரியை நீங்களே எழுதுங்கள்.

பயிற்சிக்கு விசில் அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். அதனால் இந்தக் கோடையில் வீட்டுக்கு வர முடியாது.

உங்கள் மகன்