வயிற்றில் வைத்த ஹெட்போன்

12 ஆகஸ்ட் 2002, திங்கள். விவேக் நகர்.

மதியம் மூன்று பத்துக்கு ஆபீசில் இருந்தபோது வேலூரிலிருந்து மாமியார் போன் செய்தார். அவரிடம் வளரும் என் குழந்தைக்கு இரண்டு காதும் கேட்காதாம். டெஸ்டில் உறுதியாகிவிட்டதாம்.

"வயித்துல ஹெட்போன வெச்சு தினமும் பாட்டு போட்டீங்களே மாப்ள, அதுலதான் காது போயிடுச்சு."

வளைகாப்பில் அந்த வீணை கேசட்டைக் கொடுத்ததே அவர்தான். கேட்டால் மூளை வளரும், பிள்ளை இன்ஜினியராகும் என்றார்.

"அந்தச் சத்தம் உள்ள போறதுக்குள்ள அடங்கிடும் அத்தை. காதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப மூளைக்கு மட்டும் எப்படிப் போகும்னு வெச்சீங்க?"

என் மனைவி மாலா ஆசைப்பட்டாள், வைத்தேன்.

பாட்டு போட்டதும் குழந்தை உதைக்கும். "பாருங்க, ரசிக்குது" என்பாள். கூடவே அவளும் முனகுவாள். காதே கேட்காத பிள்ளை வீணைக்கா உதைத்திருக்கும்? அவள் முனகும்போது உடம்பில் ஓடிய அதிர்வுக்குத்தான். பிரசவத்தில் அவள் போனதோடு அதுவும் போயிற்று. எந்தக் கேசட்டிலும் அது இல்லை.

செல்போன் மறுபடி அடித்தது. மாமனார். வால்யூம் எவ்வளவு வைத்தேன் என்று கேட்பார். எடுக்கவில்லை. அணைத்துவிட்டேன்.