மட்டை பிடித்த மாடன்

பாளையங்கோட்டை
1911 நவம்பர்

அருமை மகள் லில்லிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். கண்டியில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானா என்று கேட்கவே கை வரவில்லை, பிள்ளை சாலமோன் அப்படிக் கிடக்கும்போது உங்களுக்கு ஏது சுகம். பந்தைத் துரத்திப் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது, நேராக நடப்பானா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, கட்டோடு படுத்துக்கொண்டும் கிரிக்கெட் மட்டைதான் கேட்கிறான் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததும் உன் அப்பா நானே அவனுக்கு ஒரு ஆட்டக்காரனைச் செதுக்கி அனுப்புகிறேன் என்று எழுந்துவிட்டார். காலமெல்லாம் உபதேசியார் வேலை பார்த்த மனுஷன், ஒரு அகப்பைக் காம்புகூடச் சீவினதில்லை.

பேட்டை ஆசாரியிடம் உளியும் கொட்டாப்புளியும் இரவல் வாங்கி, மஞ்சணத்திக் கட்டை ஒன்றோடு உட்கார்ந்தார். ஆட்டம் எப்படி என்று பார்க்கப் பள்ளிக்கூட மைதானத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார், பந்து வந்து குடையில் விழுந்ததுதான் மிச்சம். கண்ணைச் சுற்றி அதிகம் தோண்டிவிட்டதில் விழி பிதுங்கிக்கொண்டு வந்தது. மேலுதட்டில் மரம் தடித்து நின்றதை மீசை என்று சொல்லிவிட்டார். காலில் கட்டும் பஞ்சு மெத்தை தண்டையாயிற்று, தொப்பி கிரீடமாயிற்று, ஓங்கிய மட்டை கதாயுதமாயிற்று. போதாததற்கு மரம் வெடிக்காமல் இருக்க நல்லெண்ணெய் வேறு பூசினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், எங்கள் வீட்டில் ஆட்டக்காரனைப் பிடிக்கச் சுடலைமாடனே வந்து நின்றார். நான் சொன்னால் உனக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்கிறார்.

பால் ஊற்ற வந்த இசக்கியம்மா கொல்லைச் சுவரில் காய வைத்திருந்ததைக் கண்டு, செம்பைக் கீழே வைத்துக் கும்பிட்டாள். கிறிஸ்தவ வேதத்துக்குப் போன பிறகும் மாடனைக் கைவிடவில்லையே, நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று என்னை மெச்சினாள். மறுநாள் அரளிப் பூவும் வந்தது. அவள் பால் ஊற்றும் வீடுகளுக்கெல்லாம் பாலோடு சேதியும் போயிற்று.

சாயங்காலம் சபை மூப்பர் அப்பாத்துரை ஐயா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "திசையன்விளைப் பக்கம் மாடனையெல்லாம் பிடுங்கி அடுப்புல வச்ச கையி, இப்போ புதுசா ஒண்ணு செய்யுதோ, உபதேசியாரே? அதையும் அடுப்புல வையும் வே, இல்லேன்னா கிறிஸ்மஸுக்கு உமக்கு நற்கருணை அப்பம் கெடையாது" என்றார். நற்கருணை இல்லாத கிறிஸ்மஸ் உன் அப்பாவுக்குச் சாவு மாதிரி என்று உனக்குத் தெரியும். என் தங்கை மகன் பாக்கியசீலன் மறுநாள் தூத்துக்குடியில் கப்பலேற இருந்தான், இது போனால் பிள்ளைக்கு அனுப்ப வேறொன்றும் இல்லை. எரிக்கிறதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு எரியுங்கள் என்று நானே கொல்லைக்குப் போய் எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன். பார்த்த மாத்திரத்தில் மூப்பர் ஓரடி பின்வாங்கினார், தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கி இடுப்புக்குப் போயிற்று, காலிலிருந்து செருப்பும் கழன்றது. கூட வந்தவர்கள் மோட்டுவளையைப் பார்த்தார்கள். "துண்டைத் தோளுல போட்டுக்கிடுங்க ஐயா, இது வெறும் பொம்மைதான்" என்றேன். அவர் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமானுக்குப் போய் இவ்வளவு பேச்சா, சீக்கிரம் கப்பலேற்றுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பாக்கியசீலன் வசம் பொம்மையும் இந்தக் கடிதமும் வருகின்றன. பிள்ளையை அவசரப்பட்டுக் காலை ஊன்ற விடாதே. மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். மூப்பரின் தங்கை உங்கள் தெருவில்தான் இருக்கிறாள், கடிதத்தைக் கண்ட இடத்தில் போட்டுவைக்காதே. இன்னொன்று, இனிச் சொல்லப்போவதை நான் கண்டேன் என்று அந்த மூப்பர் மட்டுமல்ல, உன் அப்பாவும் அறியக்கூடாது. அவர்கள் போன பிறகு குடும்ப ஜெபத்தில் சாலமோனுக்காக அவர் வெகுநேரம் மன்றாடினார். குரல் உடைந்ததால் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பொம்மையின் காலைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. பேரனுக்கு ஆயிரம் முத்தங்கள்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஹெப்சிபா