அறுபத்தாறு மார்க் காசு

மாசாய், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் லோகேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனை விட்டுவிட்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் எனக்கு முன்னால் அவர்தான் படிக்கிறார். இப்போது கோயில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் உனக்கு நன்றி சொல்கிறேன். பெற்றவளுக்கு என்ன நன்றி என்பாய், ஆனால் எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அப்பாவுக்கு அறுபது வயது வருகிறது என்று நினைவு வைத்து, அவருடைய மலாயா காலத்துக் காசு ஆல்பத்தில் காலியாக இருக்கும் அந்த ஒரே குழிக்கு ஒரு பழைய இருபது காசு நாணயம் வாங்கித் தரப்போகிறேன் என்று, அப்பா வெளியே போயிருந்த நேரம் பார்த்து ரகசியமாகச் சொன்னாயே, அன்றைக்கு முழுக்க எனக்குப் பசியே இல்லை, மனசு அவ்வளவு நிறைந்திருந்தது. ஆனால் அதை வாங்கினால் டிக்கெட்டுக்குப் பணம் இருக்காது, இந்தத் தீபாவளிக்கும் வரமுடியாது என்று கடைசியில் மெல்லச் சொன்னாய் பார், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு இருபது காசுக்கு விமான டிக்கெட் விலையா என்று புரியாமல், பக்கத்து வீட்டு மலரோடு ஜொகூர் பாரு டவுனில் அப்பா வழக்கமாகப் போகும் பழைய காசுக் கடைக்கே போய், நீ அவள் போனுக்கு அனுப்பிய படத்தைக் கடை முதலாளி லிம் தவுக்கேயிடம் காட்டினேன். பாவம், பொறுமையாக விளக்கினார். அதற்கென்று கம்பெனி இருக்கிறதாம், காசைப் பார்த்து எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுவார்களாம். அறுபத்து மூன்றுக்கு ஒரு விலை, நீ பார்த்து வைத்திருக்கும் அறுபத்தாறு என்றால் அதைப்போல ஆறு மடங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார், எனக்கு இரண்டும் ஒரே ராஜா தலைதான். போலி இல்லை என்ற நிம்மதிக்கும், பின்னால் விற்க வசதிக்கும்தான் அந்தக் கூடுதல் விலை என்றார், அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டி அப்பாவின் ஆல்பத்தில் நுழையாது. உடைத்தால்தான் காசு குழிக்குள் போகும், உடைத்தால் நீ கொடுத்த கூடுதல் விலை குப்பைக்குப் போகும். பூஜைச் சாமானோடு சேர்த்து அவருடைய நாலு காசை நான் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்ததைச் சொன்னதும் தவுக்கே அலமாக் என்று தலையில் கை வைத்துவிட்டார், அப்படித் தேய்த்ததற்கு மார்க்கே கிடையாதாம். உன் அப்பா இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பெட்டியில்லாத நல்ல காசு அந்தக் கடையிலேயே முந்நூறு ரிங்கிட்டுக்கு இருக்கிறது. பிறகு ஏன் இந்த மனுஷன் வாங்கவில்லை, அவ்வளவு கஞ்சமா என்று கேட்டேன். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றுகூடச் சொன்னாராம் தவுக்கே. வேண்டாம், சின்னதில் இருந்து என் மகனும் நானும் சேர்ந்து தேடிய காசு, அவன் வந்து வைக்கட்டும், அவன் இல்லாமல் இந்த ஆல்பத்தை முடிக்கமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம். எனக்குக் கடையிலேயே அழுகை வந்துவிட்டது. கட்டிக்கொண்ட என்னிடம்கூட இதைச் சொல்லவில்லை பார்.

அதனால் கண்ணு, அந்த ஆர்டரை கேன்சல் செய்துவிட்டு டிக்கெட் எடு. சிங்கப்பூரில் இறங்கினால் மலிவு என்றால் அங்கேயே இறங்கு, எவ்வளவு டிராஃபிக் ஜேம் என்றாலும் அப்பா ஜொகூர் பாலம் தாண்டி வந்து நிற்பார். உன்னைப் போன்ற பிள்ளையைக் கொடுத்த சாமிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன், நோய்நொடி இல்லாமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். நான் இதையெல்லாம் எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே. வந்த மறுநாள் காலையில், அப்பா, காசுக் கடைக்குப் போலாமா என்று மட்டும் கேள்.

ஆசியுடன் உன் அம்மா,
யோகேஸ்வரி